பழைய காரில் ஸ்ரியரிங் தண்டு மாற்றுவது எப்படி?



கணக்கு எழுதுகிறவனுக்குக் காரின் ஸ்ரியரிங்கோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கிழமை நாட்களில் ஐந்தொகையோடும், சனி ஞாயிறுகளில் பழைய மொறிஸ் மைனர் ஒன்றோடும் மினக்கெடுபவன் நான். இங்கே பிரித்தானியாவில் எங்கள் பிள்ளைகள் சிலர் இப்படியான பழைய கார்களை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிலருக்கு அம்மப்பா ஊரில் ஓடிய காரின் நினைவு. சிலருக்குக் கலியாணத்தன்று மாப்பிள்ளை பொம்பிளையை அதில் ஏற்றிச் செல்லும் ஆசை. ஆகவே இம்மாத உரையில் அந்தக் காரின் ஸ்ரியரிங் தண்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. எங்கள் ஊர் வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் வகைகளும் எவ்வளவு ஓடின என்பது உங்களுக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, அவற்றைச் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் கம்பியும் வெல்டிங்கும் கைகொடுத்தன. அந்தக் கெட்டித்தனத்தால்தான் எத்தனையோ நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அதே பழக்கத்தை இங்கே ஸ்ரியரிங்கில் காட்டக்கூடாது. இன்றைய உரையின் சாரம் இதுதான்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் பிடிக்கும் வட்டம் ஒரு நீண்ட இரும்புத் தண்டின் மேல்முனையில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தண்டு ஒரு குழாய்க்குள் சுழல்கிறது. கீழ்முனையில் பினியன் என்னும் சிறு பற்சில்லோடு அது ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். பினியன் சுழல, றாக் என்னும் பற்சட்டம் இடமும் வலமும் நகர்ந்து முன்சில்லுகளைத் திருப்புகிறது. இந்த வரிசையில் எந்த ஒரு கண்ணி விட்டாலும் கார் உங்கள் கையில் இல்லை.

வட்டம் ஆடுகிறது என்றதும் தண்டைக் குறை சொல்லக்கூடாது. பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் நாங்கள் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம் அல்லவா? இங்கேயும் அதே முறைதான். காரை நிறுத்தி, ஒருவரை உள்ளே இருத்தி, வட்டத்தை மெதுவாக இடமும் வலமும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே பாருங்கள். தண்டு அசைந்தும் பினியன் அசையாவிட்டால் பழுது அவற்றின் இணைப்பில். பினியன் அசைந்தும் பற்சட்டம் பிந்தி அசைந்தால் பழுது பற்சட்டத்தில். பற்சட்டத்தின் கம்பி அசைந்தும் சில்லு அசையாவிட்டால் பழுது மூட்டுகளில். வட்டத்தை மேலும் கீழும் தூக்கும்போது ஆடினால், மேல்முனைப் புஷ் தேய்ந்திருக்கலாம் அல்லது தண்டைத் தாங்கும் பிடி தளர்ந்திருக்கலாம். புஷ் சில பவுண்களோடு முடியும் வேலை. அதற்காக முழுத் தண்டையும் மாற்றத் தேவையில்லை.

தண்டு வளைந்திருந்தால், வெடித்திருந்தால், கீழ்முனைப் பல்வரிகள் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் வேண்டாம். சூடுபட்ட இரும்பின் பலம் மாறிவிடும், அதை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டிய தண்டு ஒரு வருடம் ஓடும், இரண்டு வருடம் ஓடும். அது முறியும் நாள் கார் நெடுஞ்சாலையில் நிற்கலாம். மைனருக்கு இங்கே உதிரிப்பாகம் விற்கும் சிறப்புக் கடைகள் இருக்கின்றன. தடைக்காலத்தில் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது.

பழைய தண்டு ஒன்றை வாங்குவதானால், நேராக இருக்கிறதா என்று உருட்டிப் பாருங்கள். இரு முனைப் பல்வரிகளையும் துடைத்துப் பாருங்கள். உங்கள் காரின் ஆண்டுக்குரியதா என்று கேளுங்கள். உதாரணமாக, 1961 வரை மைனரில் திரும்பும் சைகைக்குக் கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை எழும்பும். அதன்பின் மின்னும் விளக்கு வந்தது. ஆகவே சுவிட்சும் வயரும் எல்லா ஆண்டுக்கும் ஒன்றல்ல.

இனிக் கழற்றும் வேலை. பற்றரியின் பூமி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். பல மைனர்களில் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும், கவனம். முன்சில்லுகளை நேராக வைத்து, வட்டத்திலும் தண்டிலும் ஓர் அடையாளக் கோடு இடுங்கள். வயர்களைக் கழற்றுமுன் படம் எடுத்து வையுங்கள். ஹோர்ன் பொத்தானை எடுத்தால் நடுவில் பெரிய நட் தெரியும். அதைத் தளர்த்துங்கள், ஆனால் இரண்டு மூன்று புரி மிச்சம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வட்டம் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். வராவிட்டால் இழுகருவி பாவியுங்கள், சுத்தியலால் தண்டின் நுனியில் அடிக்க வேண்டாம். பிறகு கீழ்முனைப் போல்ட்டை முழுவதும் கழற்றி எடுத்து, டாஷ்போர்ட்டுக்குக் கீழுள்ள பிடியையும் கழற்றினால், தண்டைக் காருக்குள் மேல்நோக்கி இழுத்து எடுக்கலாம்.

பூட்டும்போது மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, தண்டின் பல்வரி பினியனில் முழுமையாக இறங்க வேண்டும். பாதியில் நின்று இறுகினால் கைக்கு உறுதியாகத்தான் தெரியும், பிறகு கழன்றுவிடும். இரண்டு, கீழ்முனைப் போல்ட்டும் நட்டும் புதியவையாக, உரிய தரத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைநூலில் பார்த்து, அளவு காட்டும் ஸ்பனரால் இறுக்குங்கள். மூன்று, வட்டத்தை ஒரு பக்க எல்லையிலிருந்து மறுபக்க எல்லைவரை சுற்றி எண்ணுங்கள். அதில் சரிபாதியில் சில்லுகள் நேராக நிற்க வேண்டும். வீதியில் இறங்குமுன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். கணக்கு எழுதியவரே கணக்காய்வும் செய்யக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. இதற்கும் அது பொருந்தும்.

இன்னொரு முக்கிய விடயம். மோதலில் மடங்கும் தண்டுகள் 1967ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டோர்ஸ் கார்களுக்கு வந்தன. 1968 ஜனவரி முதல், 48 கிலோமீற்றர் வேக நேர்மோதலில் தண்டு 127 மில்லிமீற்றருக்கு மேல் ஓட்டுநரை நோக்கிப் பின்னே வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. மைனரின் தண்டு மடங்காது. நேர்மோதலில் அது நெஞ்சை நோக்கி நிற்கும் ஈட்டி. புதுத் தண்டு போட்டாலும் அது மாறாது. ஆகவே ஆசனப்பட்டி, வேகக் கட்டுப்பாடு இரண்டையும் மறக்க வேண்டாம். காற்றுப்பை உள்ள பிற்காலக் கார்களில் இந்த வேலையை நீங்களே தொடக்கூடாது. பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

கடைசியாகச் சட்டம். 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே முதல் இங்கே வருடாந்த எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் ஆபத்தான நிலையில் காரை ஓட்டினால் 2500 பவுண் வரை தண்டமும் 3 புள்ளிகளும் கிடைக்கலாம். கட்டாயமில்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை காசு கட்டிப் பரிசோதிப்பது நல்லது. மின்சாரத்தால் உதவும் ஸ்ரியரிங் போன்ற மாற்றம் செய்தால் காப்புறுதிக்காரருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். இல்லாவிட்டால் விபத்தின்போது அவர்கள் கைவிரிக்க இடமுண்டு.

பழைய காரை வைத்திருப்பது நல்ல பொழுதுபோக்கு. வர்ணத்திலும் இருக்கை உறையிலும் சிக்கனம் பாருங்கள். ஸ்ரியரிங்கிலும் பிறேக்கிலும் வேண்டாம். பின்னால் இருப்பது உங்கள் பேரப்பிள்ளைகள்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.