உங்களுக்குத் தெரியுமா? வெடிவிபத்தின் விளைவையும் கணிக்கலாம்!

கொழும்பு, புதுக்கடையில் அமைந்துள்ள உயர் நீதிமன்றம், 2025 ஜூலை 24 அன்று, எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலுக்குரிய தரப்பினர் இலங்கைக்கு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 25 தொன் நைத்திரிக் அமிலம் உட்பட 1,486 கொள்கலன்களிற் சரக்கேற்றி வந்த அக்கப்பல், அமிலம் கசிவது தெரிந்தும் கத்தாரின் ஹமாத், இந்தியாவின் ஹசிரா துறைமுகங்களில் அதனை இறக்க வழியின்றிக் கொழும்பை அடைந்து, 2021 மே 20 இல் தீப்பற்றி, மே 25 இல் வெடித்து, ஜூன் மாதத்தில் மூழ்கியது.

இத்தகைய சரக்கு வழியில் வெடித்தால் நேரும் அனர்த்தத்தை முன்னரே கணிப்பதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. வெடிக்கும் பதார்த்தத்தின் சக்தியை அதற்கு நிகரான டி.என்.டி. என்னும் வெடிமருந்தின் எடையாக மாற்றி, அவ்வெடையின் கனமூலத்தால் தூரத்தை வகுத்தால், அத்தூரத்திலே காற்றழுத்தம் எவ்வளவு உயருமென்பதை அறியலாம். ஆதலின் எடை 8 மடங்கானாலும், அதே அழுத்தம் எட்டும் தூரம் 2 மடங்கே ஆகும். தூரம் எத்துணைப் பெரிய பாதுகாப்பு என்பதற்கு, 1944 ஏப்ரல் 14 அன்று, சுமார் 1,400 தொன் வெடிபொருளுடன் பம்பாய்த் துறைமுகத்தின் உள்ளேயே வெடித்து, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட போர்ட் ஸ்டிகின் கப்பலே சாட்சி.

கொழும்பிலோ கப்பல் கரையினின்று விலகி நங்கூரமிட்டிருந்தமையால் நகரம் தப்பியது; ஆனால் அழுத்தக் கணக்கில் அடங்காதவாறு கப்பலிலிருந்து சிந்திய சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையோரத்தை மூடி மீனவரின் ஜீவனத்தைக் குலைத்தன. காற்றும் நீரோட்டமும் அவற்றை எங்கே சேர்க்குமெனக் கணிப்பதும் இச்சாஸ்திரத்தின் இன்றியமையாத பகுதியாகவேண்டும்.