இதயத்தில் படியும் இரும்பை அளப்பது எப்படி?

தலசீமியா நோயாளிக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அதை வெளியேற்றும் வழி நம் உடலுக்கு இல்லை. அது இதயத்தில் படிந்தால் இளவயதிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் குறைவாக இருக்கும்போதும் இதயத்தில் இரும்பு மிகுந்திருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

2001இல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனை ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. வழி இதற்கு விடை கண்டனர். இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால் இதயத்தசையின் சமிக்ஞை விரைவாக மங்குகிறது. அது 37 விழுக்காடாகக் குறைய எடுக்கும் நேரமே ‘டி2 ஸ்டார்’ எனும் தளர்வு நேரம். 1.5 டெஸ்லா கருவியில் அது 20 மில்லிவினாடிக்குக் குறைந்தால் இரும்பு படிந்துள்ளது எனலாம். 10க்கும் கீழே போனால் இதயச் செயலிழப்பு அபாயம் அதிகம்.

நோயாளி ஒருமுறை மூச்சடக்கும் நேரத்தில் எட்டுப் படங்கள் எடுத்துவிடலாம். கீழறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவரில் நாம் எல்லை வரைந்து கொடுத்தால், மென்பொருள் அவ்விடத்தின் ஒளிர்வைப் படம்படமாகக் கணக்கிட்டு, வளைகோடு பொருத்தி, நேரத்தைச் சொல்லும். கணினிதானே சொல்கிறது என்று நம்பிவிடாதீர்கள், நண்பர்களே! இரும்பு மிகுந்த இதயத்தில் கடைசிப் படங்களில் சமிக்ஞை தீர்ந்து, இரைச்சலே எஞ்சும். அப்புள்ளிகளையும் சேர்த்தால் வளைகோடு தட்டையாகி, 10க்குக் கீழ் இருக்க வேண்டிய எண் மேலே ஏறிவிடும். அவற்றை நீக்கிவிட்டு மீண்டும் பொருத்த வேண்டும். இல்லையேல், இரும்பை வெளியேற்றும் மருந்தை உடனே கூட்ட வேண்டிய நோயாளி, பழைய அளவிலேயே மருந்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.