சம்பளமில்லாத கைக்கு விலை என்ன?

சென்ற கார்த்திகையில், யசுவந்தபுரம் சாலையில் ஒரு சரக்கு வண்டி மோதி என் அறைத்தோழனின் வலக்கை மணிக்கட்டு நொறுங்கிற்று. அவன் தருமபுரிக்காரன், என்னோடு பௌதிகம் பயில்பவன். மருத்துவமனைக்கு வந்த வண்டிக்காரரின் ஆள், "தம்பி, நீ மாணவன், சம்பளமா நின்று போயிற்று? பத்தாயிரம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடு" என்றார். அவனும் பேனாவை இடக்கையில் எடுத்துவிட்டான்! அதைப் பிடுங்கி வைத்த பிறகுதான் நான் சட்ட நூல்களைப் புரட்டினேன்.

கவனக்குறைவால் பிறருக்குத் தீங்கு செய்தவரைத் தண்டிப்பது ஒன்று. ஈடு கொடுக்கச் செய்வது வேறொன்று. பின்னதே 'டார்ட்' எனப்படும் தீங்கியல் சட்டம். நம் நாட்டில் இதற்குத் தொகுப்பு நூல் கிடையாது; ஆங்கிலேயர் காலந்தொட்டுத் தீர்ப்புகளாலேயே வளர்ந்தது. மோட்டார் விபத்துக்கு மட்டும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் தனித் தீர்ப்பாயம் உண்டு. பெங்களூரில் சிறு வழக்கு நீதிமன்றமே அவ்வேலையையும் பார்க்கிறது.

சம்பளமில்லாதவனுக்கு என்ன நஷ்டம்? இதே கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ராஞ்சியை அடுத்த மெஸ்ராவில் பொறியியல் இறுதியாண்டு பயின்ற மாணவர் ஒருவர் 1993-இல் விபத்தில் வலக்கையை இழந்தார். அவர் பட்டம் பெற்றிருந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாயாவது ஈட்டியிருப்பார் என்று 2010-இல் நீதிபதிகள் கொண்டனர். ஊனம் 70 விழுக்காடு. ஆகவே ஆண்டு இழப்பு 42,000. அதை 18-ஆல் பெருக்கினால் 7,56,000. செலவுகளுக்குத் தனித் தொகை. 18 என்பது வயதுக்கேற்ற பெருக்கெண். பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்க்கு அதுவே என்று 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று அட்டவணையே இட்டுவிட்டது. இழந்தது இன்றைய கூலி அன்று, நாளைய உழைப்பு!

இன்னொரு நுட்பம். மருத்துவர் எழுதும் விழுக்காடும் பிழைப்பில் நேரும் இழப்பும் ஒன்றல்ல. ஒரு கை போன தச்சர் முழுப் பிழைப்பையும் இழக்கிறார். எழுத்தர் வேலையில் நீடிக்கலாம். இதையும் 2010-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியது.

நம் பக்கம் பிழை இருந்தால் அந்தப் பங்கைக் கழிப்பார்கள். வெளியூர் மாணவர்களாகிய நாம் அறியாத செய்தி ஒன்று: விபத்து நடந்த ஊரில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை, மனுதாரர் வசிக்கும் ஊரிலும் செய்யலாம். ஆனால் 1-4-2022 முதல் ஆறு மாதக் கெடு உண்டு. அது இப்போது வழக்கில் இருக்கிறது என்றாலும், அதை நம்பி உறங்கவேண்டா. போலீஸ் முதல் தகவல் அறிக்கையின் நகல், மருந்துக் கடைச் சீட்டு, ஆட்டோ வாடகை வரை எதையும் எறிந்துவிடாதீர்கள். என் தோழன் பாதியை எறிந்துவிட்டான். மருந்துக் கடைக்கு நான்கு நடை நடந்து மறுபடி வாங்கினோம்.

பங்குனியில் மனு பதிவாயிற்று. மருத்துவர் இன்னும் விழுக்காடு எழுதவில்லை. லேசர் மேசையில் கண்ணாடியை மயிரிழை அளவு திருப்பும் கை அது. அந்த வேலைக்கு அக்கை எத்துணை வேண்டும் என்று சாட்சி சொல்ல எங்கள் பேராசிரியர் இசைந்திருக்கிறார்.