கடல் தாண்டிய காற்புள்ளிகள்

பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கிற என்னைக் கவிஞர்களுக்குப் பிடிக்காது. அதனாலோ என்னவோ, எலிசபெத் பிஷப்புக்கும் ‘நியூ யார்க்கர்’ பத்திரிகைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை (2011-இல் தொகுப்பாக வந்தது) படித்தபோது மனசு ஆசிரியர் பக்கமே சாய்ந்தது.

பிஷப் அமெரிக்கக் கவிஞர். 1951 நவம்பரில் சுற்றிப் பார்க்கத்தான் பிரேசிலுக்குக் கப்பலில் போனார். போன இடத்தில் முந்திரிப்பழம் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு வீங்கிப் படுத்துவிட்டார். கூட இருந்து பார்த்துக்கொண்டவர் லோட்டா டி மசெடோ சோரஸ். பிறகு சுமார் 15 வருஷம் பிஷப்புக்கு அதுதான் ஊர். பெட்ரோபொலிஸ் பக்கத்து மலையில், அருவியோரமாக, அவர் உட்கார்ந்து எழுதுவதற்கென்றே லோட்டா தனி அறை கட்டிக்கொடுத்தார்.

நியூ யார்க்கிலிருந்து எழுதிய ஆசிரியர் கேத்தரின் வைட். ‘சார்லட்ஸ் வெப்’ எழுதிய ஈ.பி. வைட்டின் மனைவி, ஆனால் பத்திரிகை வட்டாரத்தில் அந்த அறிமுகம் அவருக்குத் தேவையில்லை. பிஷப்போடு ஒப்பந்தம் எளியது: எழுதியதை முதலில் நியூ யார்க்கருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால் யாருக்கும் கொடுக்கலாம். பதிலுக்குக் கூடுதல் சன்மானம்.

அந்தப் பத்திரிகைக்குக் காற்புள்ளிப் பைத்தியம். வாசகர் எங்கும் தடுக்கிவிடக் கூடாதாம். பிஷப்புக்கோ காதுதான் இலக்கணம். நேரில் இருந்திருந்தால் ஒரு காபியோடு முடிந்திருக்கும் சண்டை. நடுவில் கடல் இருந்ததால் இரு தரப்பும் காரணத்தை உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. நாங்கள் அப்படியெல்லாம் எழுதுவதில்லை. சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்விடுவோம்.

மனம் பேதலித்த அம்மாவின் அலறலைச் சொல்லும் ‘இன் தி வில்லேஜ்’ கதையும் இந்த இழுபறியைத் தாண்டித்தான் 1953 டிசம்பரில் வந்தது. அந்தப் பணத்தில் பிஷப் ஒரு எம்.ஜி. கார் வாங்கினார்!

திரும்பி வந்ததும் உண்டு. நரை விழுந்த லோட்டாவின் தலையை அலசிவிடும் கவிதை ‘தி ஷாம்பூ’. நியூ யார்க்கர் மறுத்தது. 1955-இல் ‘நியூ ரிபப்ளிக்’ போட்டது. இதற்கு மட்டும் என் கட்சிக்காரர்களுக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பிற்பாடு கடிதங்கள் அதே பத்திரிகையின் இன்னொரு ஆசிரியரான ஹோவர்டு மாஸ் கைக்குப் போயின. 1946-இல் பிஷப் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது வழிமறித்த ஒரு மூஸ் மான் பற்றிய கவிதை, 1972-இல்தான் நியூ யார்க்கரில் அச்சேறியது. 26 வருஷம்! தீபாவளி மலருக்குக் கவிதை ஒரு வாரம் தள்ளினாலே நான் போன்மேல் போன் போடுகிற ஆள்.