அரியரும் அமைதியும்



"மன அமைதி" என்று எழுதினாலே பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நான் உபதேசம் பண்ணப் போவதில்லை. பதினெட்டு வயதில் அதற்குத் தகுதியும் கிடையாது.

நம்மில் பலர் வீட்டின் முதல் படிப்பாளிகள். எங்க அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். இன்டர்னல் மார்க், அரியர் என்பதெல்லாம் என்னவென்று எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். "நீ படிச்சு முடிச்சிட்டா போதும்டா, அப்புறம் எல்லாம் சரியாப் போயிரும்." ஆசையாகத்தான் சொல்கிறார். ஆனால் கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்த வார்த்தை நெஞ்சின் மேல் கல் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்!

இப்படிப்பட்ட நேரத்தில் கிறிஸ்தவ விசுவாசம் அமைதி தரும் என்கிறார்களே, அது எப்படி? ஜெபம் பண்ணினால் கேள்வித்தாள் சுலபமாக வந்துவிடுமா? வராது. பின்னே என்னதான் நடக்கிறது? இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே இருக்கிறது.

குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. அன்று அந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யம். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் அதிகாரி. நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம். அப்படி இருந்தவருக்கு அடுத்தடுத்து நஷ்டம். மாடுகள் செத்தன, பயிர் போயிற்று. மனுஷன் ஒடிந்துபோனார்.

அவருக்கு அரண்மனையில் ஒரு நண்பர், டிலனாய். டச்சுப் படையில் இருந்தவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர்தான் பிள்ளைக்கு விவிலியத்திலிருந்து யோபின் கதையைச் சொன்னார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சொன்னவர் யார் என்பதுதான். சொந்த ஊரையும் சுதந்திரத்தையும் இழந்த ஒரு போர்க் கைதி! கஷ்டம் தெரியாத ஒருவர் வந்து "கவலைப்படாதே" என்று சொல்லியிருந்தால் அது காதில் ஏறியிருக்குமா?

யோபு கதையைப் பலர் பாதிதான் கேட்டிருப்போம். ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், பத்துப் பிள்ளைகள், எல்லாம் போயிற்று, பொறுமையாக இருந்தார், கடைசியில் இரட்டிப்பாகக் கிடைத்தது. இவ்வளவுதான் பிரசங்கத்தில் வரும். ஆனால் அந்தப் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. நடுவில் பெரும்பகுதி யோபின் புலம்பல்தான். தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கடவுளிடமே "ஏன்?" என்று வாதாடுகிறார்.

பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள், ஏழு ராத்திரி ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள்! வாயைத் திறந்ததும் "நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பே, அதான் இப்படி" என்ற பாட்டுத்தான். (ரிசல்ட் வந்த அன்று சொந்தக்காரர்கள் பேசுகிற மாதிரியே இருக்கும்.) 38-ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசுகிறார். அப்போதும் கஷ்டம் ஏன் வந்தது என்று காரணம் சொல்லவே இல்லை. ஆனால் முடிவில், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான், நீங்கள் இல்லை என்று அந்த நண்பர்களைக் கண்டிக்கிறார். அழுது சண்டை போட்டவன் பக்கம் கடவுள் நிற்கிறார்!

நீலகண்ட பிள்ளையைத் தொட்டது இந்தக் கதைதான். 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்ற பொருளில் தேவசகாயம் ஆனார். சரி, கஷ்டம் தீர்ந்ததா? கூடியது! 1749-இல் கைது. மூன்று வருஷம் சிறையும் அடியும். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விசுவாசத்தை விட்டிருந்தால் எப்போதோ தப்பியிருக்கலாம், விடவில்லை. அவர் உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆக, இந்த அமைதி கஷ்டத்துக்கு மாற்று மருந்து இல்லை. கஷ்டத்தில் நம்மை ஒருவர் தனியாக விட்டுவிடவில்லை என்ற நிச்சயம். எனக்கு ஜெபம் என்றால் இதுதான். "ஆண்டவரே, பயமா இருக்கு, அப்பா மூஞ்சியை எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியல" என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சொன்ன பிறகும் பாடம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கை நடுங்காமல் புத்தகத்தைத் திறக்க முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசர்கள் முதல் புத்தகம் 19-ஆம் அதிகாரத்தில் எலியா இறைவாக்கினர் பயந்து ஓடி, பாலைவனத்தில் ஒரு செடியடியில் படுத்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறார். வானதூதர் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். தூதர் இரண்டாவது தடவையும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னார். பரீட்சை நேரத்தில் டீயை மட்டும் குடித்துக்கொண்டு மூன்று ராத்திரி விழிக்கிற ஹாஸ்டல் நண்பர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எலியா மாதிரி "போதும்" என்று தோன்றுகிற யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், எந்த மதமானாலும் சரி, இன்றைக்கே ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பக்கத்து அறை நண்பனாக இருக்கலாம், பிடித்த ஆசிரியராக இருக்கலாம். யாரும் இல்லையென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.