ஓவியத்துப் பெண்ணுக்கு ஒரு காதலன், ஒரு துப்பறிவாளன்!

அறிஞர்களின் கடிதம் என்றாலே கொட்டாவி வருமா? அப்படியென்றால் 1900-இல் ஃப்ளாரன்ஸில் இரண்டு நண்பர்கள் ஆடிய கடித விளையாட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்!

ஒருவர் ஆபி வார்பர்க். ஹம்பர்க் வங்கிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. கலை வரலாற்று ஆராய்ச்சியில் மூழ்கியவர். இன்னொருவர் டச்சுக்காரர் ஆந்த்ரே யோலஸ். பின்னாளில் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இருவரும் எழுதிக்கொண்டது ஒரு பெண்ணைப் பற்றி. அவளுக்கு வயது நானூறுக்கும் மேல்!

சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் தலைமைப் பீடத்துக்குப் பின்னால், வலப்பக்கச் சுவரில் இருக்கிறாள். ஓவியர் கிர்லாந்தாயோவின் குழு 1485-க்கும் 1490-க்கும் இடையில் வரைந்த சுவரோவியம் அது. திருமுழுக்கு யோவான் பிறந்திருக்கிறார். தாய் எலிசபெத் கட்டிலில். பார்க்க வந்த சீமாட்டிகள் கனத்த பட்டுடுத்தி அளந்து அளந்து அடி வைக்கிறார்கள். அப்போதுதான் வலது ஓரத்தில், தலையில் பழத்தட்டோடு விறுவிறுவென்று நுழைகிறாள் நம் பணிப்பெண். அவள் ஆடை படபடவென்று பின்னால் பறக்கிறது. மூடிய அறைக்குள் காற்று எங்கிருந்து வந்தது?

இங்கேதான் இருவரும் வேடம் பிரித்துக்கொண்டார்கள். யோலஸ் காதலில் விழுந்தவர்: யார் இவள், எங்கிருந்து வந்தாள் என்று உருகுகிறார். வார்பர்க் துப்பறிவாளர்: ஓவியத்துக்குப் பணம் கொடுத்த தோர்னபுவோனி குடும்பத்தைத் துருவுகிறார், பழங்காலக் கற்சிற்பங்களில் ஆடிப் பறக்கும் பெண்களிடம் இவளுடைய பூர்வீகத்தைத் தேடுகிறார். கிறிஸ்தவப் பிரசவ அறைக்குள் பழைய தேவதை ஒருத்தி எப்படி நுழைந்தாள்? கேலியாகக் கேட்ட கேள்விக்குள் எவ்வளவு பெரிய கேள்வி!

புத்தகமாகியிருக்க வேண்டிய விளையாட்டு பாதியிலேயே நின்றது. ஆனால் அந்தப் பெண் வார்பர்க்கை விடவில்லை. கடைசிக் காலத்தில் அவர் கறுப்புத் துணிப் பலகைகளில் படங்களைக் குத்திக் குத்தி ஒரு பட அட்லஸ் அமைத்தார். அதில் 46-ஆம் பலகை முழுக்க இவள் குலம்தான்! செத்திஞ்ஞானோ என்ற ஊரில் அவரே படமெடுத்த குடியானவப் பெண்ணும் அதில் உண்டு.

1929-இல் அவர் காலமானார். 1933-இல் நாஜிகளிடமிருந்து தப்ப, அவருடைய நூலகம் ஹெர்மியா, ஜெஸிகா என்ற இரு கப்பல்களில் லண்டன் போய்ச் சேர்ந்தது. கடித வரைவுகளும் இன்று லண்டனில், அவர் பெயரிலுள்ள ஆய்வு நிறுவனத்தில்தான் இருக்கின்றன.

ஆராய்ச்சிக்குக் காதல் ஆகாது என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள். யோலஸ் அப்படி மயங்கியதால்தான் வார்பர்க் இப்படித் தேடினார்!