வீட்டு அலுவலக அறைக்கு ஏற்ற வெளிச்சம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, இலட்சக்கணக்கான இல்லங்களில் ஒரு மூலை அலுவலகமாக மாறியது. அதற்கு முன்னரும் வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்போர் இல்லாமல் இல்லை. வரிக் கணக்கு எழுதுவோர், ஆயுள் காப்பீட்டு முகவர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்குப் பொறுப்பாளர்கள், போட்டித் தேர்வுகளுக்குப் பயிலும் இளைஞர்கள் ஆகியோருக்கு வீட்டு மேஜையே பணியிடமாகும். நாற்காலியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டப்படும் அக்கறை வெளிச்சத்தின் விஷயத்தில் காட்டப்படுவதில்லை. மாலையில் கண் எரிச்சலும் தலைவலியும் தோன்றும்போதுகூட, விளக்கும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுவோர் சிலரே.

எவ்வளவு வெளிச்சம் தேவை?

விளக்கு எவ்வளவு மின்சாரத்தை உட்கொள்கிறது என்பதையே வாட் குறிக்கிறது. அது வெளியிடும் ஒளியின் அளவு லூமென் எனப்படும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ் ஆகும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் ஒளியையே தந்தது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமென் தருகிறது.

அலுவலகப் பணிகளுக்கு 300 முதல் 750 லக்ஸ் வரை வெளிச்சம் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய நெறிமுறையின் பரிந்துரை. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட அறையில் மேற்கூறிய 9 வாட் பல்பு ஒன்று எரிவதாகக் கொள்வோம். சுவரும் கூரையும் உறிஞ்சுவது போக, பாதி ஒளியே மேஜை மட்டத்தை அடையும். 450 லூமென் 9 சதுர மீட்டரில் பரவினால் கிடைப்பது 50 லக்ஸ் மட்டுமே. நடமாட இது போதும். கணக்கேடு பார்க்கப் போதாது.

அறை முழுவதையும் 300 லக்ஸுக்கு உயர்த்த வேண்டுமானால், ஏறத்தாழ 54 வாட் அளவுக்கு எல்.இ.டி. விளக்குகள் தேவைப்படும். அதற்கு மாறாக, பொது வெளிச்சத்துக்கு 9 வாட் பல்பும், 400 லூமென் தரும் 5 வாட் மேஜை விளக்கும் அமைக்கலாம். மேஜை விளக்கின் ஒளி சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் குவிவதால், வேலை நடைபெறும் இடத்தில் போதிய வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு 8 மணி வீதம் 300 நாட்கள் எரிந்தால், முதல் ஏற்பாட்டுக்கு சுமார் 130 யூனிட்டும், இரண்டாவதற்கு 34 யூனிட்டும் செலவாகும்.

ஆயினும், மேஜை விளக்கை மட்டும் ஏற்றி அறையை இருளில் விடுவது நல்லதன்று. பளிச்சென்ற தாளையும் இருண்ட சுவரையும் மாறி மாறிப் பார்க்கும் கண் விரைவில் களைப்படைகிறது. கணினித் திரைக்கும் இது பொருந்தும்.

இடமும் திசையும்

பகலில் சன்னலே சிறந்த விளக்கு. சன்னலுக்கு எதிரே அமர்ந்தால் கண் கூசும். முதுகைக் காட்டி அமர்ந்தால் திரையில் ஒளி பிரதிபலிக்கும். எனவே சன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு மேஜையை இடுதல் வேண்டும். வலக்கையால் எழுதுவோருக்கு ஒளி இடப்புறமிருந்து வந்தால் கையின் நிழல் எழுத்தின் மீது விழாது. இடக்கையால் எழுதுவோருக்கு இது நேர்மாறாகும். விளக்கின் பல்பு கண்ணுக்கு நேரே தெரியாதவாறு மூடி அமைந்திருக்க வேண்டும். வெள்ளையடித்த சுவரும் கூரையும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், செலவின்றி வெளிச்சம் கூடுகிறது.

விளக்கை வாங்கும்போது

ஒளியின் நிறம் கெல்வின் அளவில் உறையின் மீது அச்சிடப்பட்டிருக்கும். 2700 கெல்வின் மஞ்சள் சாயல் கொண்டது. 6500 கெல்வின் நீலம் கலந்த வெண்மை. எழுத்துப் பணிக்கு இடைப்பட்ட 4000 கெல்வின் பலருக்கும் இதமாக இருக்கும். தரம் குறைந்த விளக்குகளில் மாறுதிசை மின்னோட்டத்தின் காரணமாக ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குப் புலனாகாவிட்டாலும் இது சிலருக்குத் தலைவலியைத் தரலாம். ஆதலால் இந்தியத் தரச் சின்னத்தையும், எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீட்டையும் பார்த்து வாங்குதல் நலம்.

வீட்டில் முதியோர் பணிபுரிந்தால் கூடுதல் வெளிச்சம் அவசியம். 60 வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதினருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே. பேரனுக்குப் போதுமான விளக்கு தாத்தாவுக்குப் போதாமல் போவது இதனாலேயே.

2015-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. மொத்தக் கொள்முதலின் பயனாக, 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாகக் குறைந்தது. ஆகவே நல்ல வெளிச்சம் இன்று எளிய குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதே. விளக்கை வாங்குவதோடு நில்லாமல், மேஜையின் இடத்தை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வேலை நடைபெறும் இடத்தில் ஒளியைச் சேர்த்தால், மின் கட்டணமும் குறையும், கண்ணும் காக்கப்படும்.